நனையப் போன அண்ணன்

1

போன வாரம் அனுவின் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். அவசரம் ஒன்றுமில்லை, முடிந்தபோது வந்து போங்கள் என்றார்கள். இந்த நாட்டில் அவசரம் ஒன்றுமில்லை என்று சொன்னால் உடனே போக வேண்டும் என்று அர்த்தம். வேலை முடிந்ததும் சீருடையைக்கூட மாற்றாமல் போனேன்.

வகுப்பாசிரியை வயதானவர், மெதுவாகப் பேசுபவர். பிள்ளைகள் உட்காரும் சின்ன நாற்காலி ஒன்றில் என்னை உட்காரவைத்து, எதிரே இன்னொரு சின்ன நாற்காலியில் தானும் உட்கார்ந்தார். குடும்பத்தில் நடந்த ஏதாவது ஒன்றைச் சொல்லும்படி வகுப்பில் கேட்டிருக்கிறார். ஒரு பையன் தாத்தாவின் படகைப் பற்றிச் சொன்னானாம். ஒரு பெண் தங்கள் நாய் குட்டி போட்டதைச் சொன்னாளாம். அனு எழுந்து, "என் மாமா நனைவதற்காகக் கிணற்றுக்குள் இறங்கினார், எல்லாரும் அழுதார்கள்" என்றிருக்கிறாள். வகுப்பு சிரித்துவிட்டது. இவள் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு வெளியே வரவே மாட்டேன் என்றிருக்கிறாள்.

"கற்பனை என்றால் பரவாயில்லை. உண்மை என்றால்..." என்று ஆசிரியை நிறுத்தினார். நான் இங்கே, வட இங்கிலாந்தில் ஒரு ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். அந்த நிறுத்தத்துக்குப் பின்னால் இருக்கும் சொல் எனக்குத் தெரியும். நோயாளியின் உறவினர்களிடம் நானும் அதே இடத்தில்தான் நிறுத்துவேன்.

"உண்மைதான். ஆனால் அவர் சாகப் போகவில்லை. நனையத்தான் போனார்" என்றேன். ஆங்கிலத்தில் சொன்னபோது அது எனக்கே பொய்யாகக் கேட்டது. ஆசிரியை தலையாட்டினார். பள்ளியில் ஆலோசகர் ஒருவர் இருக்கிறார், அனு விரும்பினால் அவரோடு பேசலாம் என்றார்.

வீட்டுக்கு நடக்கும்போது அனு கேட்டாள், "அம்மா, நான் தப்பா சொல்லிட்டனா?"

"தப்பில்ல கண்ணு. பாதிதான் சொன்ன."

மீதியை இந்த ஊர்க்காரர்களிடம் என்னால் சொல்ல முடியாது. ஊரில் இருக்கும் உங்களிடம் சொல்ல முடியும் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன். ஒரு வருடம் ஆகிவிட்டது.

2

சிவகாசிப் பக்கம், நாரணாபுரத்தை ஒட்டி எங்கள் ஊர். அப்பா காலத்தில் காட்டில் விவசாய வேலை, பிறகு தீப்பெட்டி, எங்கள் காலத்தில் பட்டாசு. அண்ணன் குருசாமி பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டுக் கம்பெனிக்குப் போனதால்தான் நான் மதுரையில் நர்சிங் படித்தேன். அவர் படிப்படியாகப் போர்மேன் ஆனார். ஆள் நல்ல உயரம். சிரித்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். நாங்கள் ஊருக்கு வரும்போதெல்லாம் விருதுநகர் ஸ்டேஷனுக்கு வந்து, ரயில் நின்றதுமே வாசல்படியிலிருந்தே அனுவை வாங்கித் தோளில் வைத்துக்கொள்வார். அனு வளர்ந்த பிறகும் அதை விடவில்லை.

2009 ஆகஸ்டில் நாங்கள் வந்தபோது அண்ணன் ஸ்டேஷனுக்கு வரவில்லை.

அது பன்றிக் காய்ச்சல் பரவிய நேரம். சென்னை விமான நிலையத்தில் முகமூடி போட்டவர்கள் வரிசை கட்டி நின்றார்கள். காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா என்று கேட்டார்கள். விமானக் குளிரில் எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. உண்டு என்றேன். தனியே உட்காரவைத்து, தொண்டையைப் பார்த்து, வெகுநேரம் கழித்து, "ஒரு வாரம் வீட்டை விட்டு வெளிய போகாதீங்க" என்று சொல்லி விட்டார்கள். இங்கிலாந்தில் அந்த வசந்தம் முழுக்க வாசலில் நின்று, "வெளிநாடு போய் வந்தீர்களா?" என்று வருகிறவர்களைக் கேட்டவள் நான். கேட்கப்படும் பக்கத்தில் நின்றது அன்றுதான்.

வீட்டு வாசலில் வண்டியை விட்டு இறங்கியபோது அண்ணன் முற்றத்தின் கடைசியில், தண்ணீர் டிரம் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கையில் சோப்பு. பாதி ஆளாக இளைத்திருந்தார்.

"வா தாயி. அங்கனயே நில்லு, கிட்ட வராத."

அனுவுக்கு அதெல்லாம் புரியவில்லை. "மாமா!" என்று ஓடினாள். அண்ணன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டினார். "பிள்ளையப் பிடி ராணி! பிடி!" என்று அவர் கத்திய குரல் பாம்பைக் கண்டவர் குரல்போல இருந்தது. நான் ஓடிப்போய் அனுவை இழுத்துக்கொண்டேன்.

அண்ணன் மனைவிக்கு, என் மதினிக்கு, முகம் செத்துப்போயிற்று. அடுப்படிக்குக் கூட்டிப்போய்ச் சொன்னார், "தப்பா எடுத்துக்கிறாத ராணி. டிவியில ஓயாம சொல்றாகல்ல, கை கழுவு, கிட்டப் போகாதன்னு. அதுல இருந்து கை கழுவிக்கிட்டே இருக்காக. நீ வேற வெளிநாட்டுல இருந்து வாரியா, பயந்துட்டாக."

"நல்லதுதானே மதினி. நாங்களே அதைத்தான் சொல்லுவோம்" என்றேன். எனக்கு மனது வலித்தது. ஆனால் சந்தேகம் வரவில்லை. அந்த மாதம் நாடே கை கழுவிக்கொண்டிருந்தது. தெருவில் பாதிப் பேர் கைக்குட்டையை முகத்தில் கட்டியிருந்தார்கள். தள்ளி நின்று பேசுகிற மனிதர் எவரும் அப்போது புத்தி தெளிந்தவராகத்தான் தெரிந்தார்.

கம்பெனியில் பட்டாசு செய்கிற ஒரு ரூம் வெடித்த செய்தி எனக்கு முந்தின மாதமே போனில் வந்திருந்தது. சண்முகத்தாய் என்கிற பெண் இறந்துபோனாள். எங்கள் தெருதான், மதினிக்குத் தோழி. அண்ணன்தான் அவளை வெளியே தூக்கி வந்தாராம். "அவுகளுக்கு ஒண்ணும் ஆகல, சாமி புண்ணியம்" என்று மதினி போனில் சொன்னது நினைவிருக்கிறது. கம்பெனியைச் சீல் வைத்துவிட்டதால் அண்ணன் வீட்டில் இருந்தார்.

அவர் வீட்டுக்குள் இருந்தால் அடுப்புப் பற்றவைக்க விடமாட்டார் என்பதையும், முற்றத்தில்தான் படுக்கிறார் என்பதையும், சோற்றுத் தட்டைத் தரையில் வைத்துத் தள்ளிவிட வேண்டும் என்பதையும் அடுத்தடுத்த நாட்களில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் மதினியிடம் ஒரு பதில் இருந்தது. எல்லாப் பதிலும் பன்றிக் காய்ச்சலில் போய் முடிந்தது.

3

ஒரு நாள் காலையில் அண்ணனைக் காணோம். டீக்கடைக்குப் போயிருப்பார் என்று இருந்துவிட்டோம். வெயில் ஏறிய பிறகு, தோட்டத்தில் மோட்டார் போடப் போன ஆள் சைக்கிளில் பறந்து வந்தார். "போர்மேன் கிணத்துல கெடக்காரு! வாங்க எல்லாரும்!"

மதினி தலைமயிரை முடியாமல் ஓடினார். அவர் மகள் கவிதா, கல்லூரிக்குக் கிளம்பி நின்றவள், பையோடு ஓடினாள். அனுவை விட்டுவிட்டுப் போக ஆளில்லை. கையில் பிடித்துக்கொண்டு நானும் ஓடினேன்.

படி வைத்த பழைய கிணறு. கோடையில் பாதி வற்றியிருந்தது. அண்ணன் கடைசிப் படிக்குக் கீழே, கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். எப்போது இறங்கினாரோ தெரியாது. உதடு நீலம் பாரித்திருந்தது. பல் கிட்டிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார். அந்த நிலையிலும், கீழே இறங்கியவர்களைப் பார்த்து, "கிட்ட வராதிக, ஏலே, சொன்னாக் கேளுங்கலே!" என்று தண்ணீரை வாரி வாரி இறைத்தார்.

ஊர் கூடிவிட்டது. பெண்கள் அழத் தொடங்கினார்கள். "இப்படிச் சாகவா எங்களைக் கொண்டாந்து சேத்தீக!" என்று மதினி கிணற்று மேட்டில் விழுந்து புரண்டார்.

அண்ணன் அண்ணாந்து பார்த்தார். "நான் சாகப் போகல. நனையப் போனேன்" என்றார். குரலில் கோபம்கூட இருந்தது, இது ஒரு பெரிய விஷயமா என்பதுபோல.

அனு என் கையை இழுத்தாள். அவள் தமிழ் ஞாயிற்றுக்கிழமை வகுப்புத் தமிழ். "அம்மா, நனையிறதுன்னா ஈரமாகிறதுதானே? அதுக்கு ஏன் எல்லாரும் அழறாங்க?"

கூட்டத்தில் அவர் சொன்னதை அப்படியே கேட்டுக்கொண்டவள் அவள் ஒருத்திதான்.

கயிறு கட்டித் தூக்கினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே காய்ச்சல் கண்டு உடம்பு கொதித்தது.

4

பக்கத்தில் இருந்த ஒரு பெரிய அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பெயர் வேண்டாம். அங்கே இருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை, திணறிப் போயிருந்தார்கள். அவசரப் பிரிவு வாசலில் திருவிழாக் கூட்டம். தும்மியவர்கள், தும்மாதவர்கள், பயந்தவர்கள், பரிசோதனை செய்தே ஆக வேண்டும் என்று காரில் வந்து சத்தம் போடுகிறவர்கள். வாசலிலேயே ஒருவர் முகமூடி விற்றுக்கொண்டிருந்தார்.

"காய்ச்சல் இருக்கா? வெளிநாட்டுல இருந்து யாராச்சும் வந்தாகளா?" என்று மேசையில் இருந்தவர் கேட்டார். மதினி என்னைக் காட்டினார். அவ்வளவுதான். என்னைச் சுற்றி இருந்த கூட்டம் நீர் விலகுவதுபோல விலகிற்று. என்னைச் சுவரோரம் ஒரு பெஞ்சில் உட்காரச் சொல்லி, கையைக் காட்டி, நகரக்கூடாது என்றார்கள். கவிதாவிடம் அனுவை ஒப்படைத்து, வெளியே மரத்தடியில் இருக்கச் சொன்னேன்.

அண்ணனைத் தள்ளுகட்டிலில் படுக்கவைத்திருந்தார்கள். அவர் எழுந்து எழுந்து உட்கார்ந்தார். ஆண் நர்ஸ் ஒருவர் தோளைப் பிடித்து அழுத்தினார்.

"அண்ணாச்சி, என்ன செஞ்சீக? எதுவும் குடிச்சீகளா?"

"மருந்துய்யா... மருந்து. தொடாதிக."

"என்ன மருந்து?"

"எல்லா மருந்தும். உள்ள வரைக்கும் போயிருச்சு. விடுங்க என்னைய!"

நர்ஸ் உள்ளே பார்த்துக் கத்தினார், "கிணத்துக் கேசு மருந்து குடிச்சிருக்காரு டாக்டர்!"

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் டாக்டர் கொடுப்பது. பயிருக்கு அடிப்பதும் மருந்துதான். மனம் வெறுத்தவர்கள் குடிப்பது அதைத்தான். பட்டாசுக்குள் அடைப்பதும் மருந்துதான். கிணற்றிலிருந்து தூக்கி வந்த மனிதர் மருந்து என்றால் ஆஸ்பத்திரியில் எது காதில் விழும்? நான் அவர்கள் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் நினைத்திருப்பேன்.

கை காலைப் பிடிக்க நாலைந்து பேர் வந்தார்கள். வயிற்றைக் கழுவுகிற குழாயை எடுத்துவிட்டார்கள். அத்தனை கைகளும் தன் மேல் விழுந்ததும் அண்ணன் அலறிய அலறல் கூட்டத்தை அப்படியே அமைதியாக்கியது. "எல்லாரும் எரிஞ்சு போவீகடா! தொடாதீகடா!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காய்ச்சலுக்குப் பயந்தவர் சொல்கிற சொல் இல்லை அது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவர் தள்ளி நிற்கவில்லை. எங்களைக் காப்பாற்ற நின்றிருக்கிறார்.

பெஞ்சை விட்டு எழுந்து ஓடினேன். யாரோ என் சேலையைப் பிடித்து இழுத்தார்கள். "அது குடிக்கிற மருந்து இல்ல! வெடி மருந்து! மேல மருந்து ஒட்டியிருக்குன்னு நினைக்கிறாரு! நனைஞ்சா வெடிக்காதுன்னுதான் கிணத்துல நின்னிருக்காரு! குழாயை எடுங்க!" என்று கத்தினேன்.

டாக்டர் இளம்பெண். கோயமுத்தூர்ப் பக்கத்துப் பேச்சு. கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது. "நீங்க யாருங்க?" என்றார்.

"தங்கச்சி. நர்ஸ்."

"மொதல்ல மாஸ்க் போடுங்க." தன் கோட்டுப் பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். பிறகு குனிந்து அண்ணனின் வாயை முகர்ந்தார். கண்மணியில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். விஷத்தின் வாடை இல்லை. குழாயைக் கீழே வைக்கச் சொன்னார். எல்லாரையும் கையை எடுக்கச் சொன்னார்.

அண்ணன் கைகளை அவர் அப்போதுதான் பார்த்தார். நானும் அப்போதுதான் அருகில் பார்த்தேன். விரலிடுக்கெல்லாம் வெடித்து, சதை சிவந்து தெரிந்தது.

"எப்ப இருந்துங்க இப்படிக் கழுவறாரு?"

"டிவியில காய்ச்சல்னு சொன்னதுல இருந்துதாங்க" என்றார் மதினி.

வாசலில் அனுவோடு நின்ற கவிதா அங்கிருந்தே சொன்னாள், "இல்ல டாக்டர். அதுக்கு முன்னாடியே. சம்முவத்தாய் அத்தையத் தூக்கிட்டு வந்த அன்னிக்கு ஆரம்பிச்சது. அப்பல்லாம் நாங்க பெருசா எடுத்துக்கல."

மதினி மகளைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்தது கோபமா பயமா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

5

நோய் என்னவென்று டாக்டருக்குப் புரிந்துவிட்டது. அண்ணனை எங்கே வைப்பது என்பதுதான் புரியவில்லை. மனநல டாக்டர் அந்த ஆஸ்பத்திரியில் தினமும் இருப்பதில்லை. மனநல வார்டு உள்ள இன்னொரு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். காய்ச்சல் இருக்கிறது, வீட்டில் வெளிநாட்டிலிருந்து வந்தவர் இருக்கிறார் என்றதும், தொண்டைப் பரிசோதனை முடிவு வராமல் எடுக்க முடியாது என்றார்கள். காய்ச்சல் வார்டிலோ கலாட்டா செய்கிறவரை வைத்துக்கொள்ள முடியாது என்றார்கள். கிணற்றுக் கேஸ் என்பதால் போலீஸ்காரர் வேறு ஓரமாகக் காத்திருந்தார். தற்கொலை முயற்சியா இல்லையா என்று ஒரே சொல்லில் பதில் வேண்டும் அவருக்கு.

இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அந்த வசந்தத்தில் எங்கள் இங்கிலாந்து ஆஸ்பத்திரியிலும் காய்ச்சலோடு வந்த மனநோயாளிகளை இங்கேயும் இல்லாமல் அங்கேயும் இல்லாமல் நடைபாதையில் வைத்திருந்தோம். சுவர் பளபளப்பாக இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கடைசியில் பின்கட்டில், சந்தேகக் காய்ச்சல்காரர்களுக்காக ஒதுக்கிய அறை ஒன்றில் அண்ணனை வைத்தார்கள். "நானும் சந்தேகக் கேசுதான். என்னையும் அங்கேயே போடுங்க" என்றேன். டாக்டர் சரி என்றார். அனுவைக் கவிதா வீட்டுக்குக் கூட்டிப் போனாள்.

அறையில் இரண்டு கட்டில். அண்ணன் ஒரு மூலையில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்தார். நான் எதிர் மூலையில். ஊசி போட்டிருந்ததால் நடுக்கம் குறைந்திருந்தது. சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு ஓடினார்கள். முகமூடி, உறை, மேலங்கி எல்லாம் போட்டுக்கொண்டு எட்ட நின்று பேசினார்கள். அண்ணன் முகத்தில் முதல்முறையாக ஒரு நிம்மதி தெரிந்தது.

"இங்கன எல்லாரும் விவரமானவுக ராணி. ஒருத்தரும் தொட மாட்டேங்காக. வீட்டுல எம்புட்டுச் சொல்லியும் கேக்கல."

அவர் பயத்துக்கு நாங்களே ஒரு வார்டு கட்டிக் கொடுத்திருந்தோம்.

மறுநாள் பகலில், தொண்டையில் மாதிரி எடுக்க ஒரு நர்ஸ் வந்தாள். சின்னப் பெண். எடுத்து முடித்து, வாசலில் நின்று, கையுறையைக் கழற்றினாள். மணிக்கட்டிலிருந்து பிடித்து உரித்தாள். எல்லா நர்சும் கழற்றுவதுபோலத்தான், நான் ஆயிரம் முறை கழற்றியதுபோலத்தான். அண்ணன் அதைப் பார்த்தார். ஒரு சத்தம் வந்தது அவரிடமிருந்து. மனிதர் போடுகிற சத்தம் இல்லை. சுவரில் தலையை மோதத் தொடங்கினார். நான் தலையணையைச் சுவருக்கும் தலைக்கும் நடுவே கொடுத்துப் பிடித்தேன். அவரைத் தொடாமல் தலையணையை மட்டும் பிடித்தேன். அந்தப் பெண் அழுதுகொண்டே ஓடிவிட்டாள்.

மூச்சு அடங்கிய பிறகு அவராகவே சொன்னார். என்னைப் பார்க்கவில்லை. தலையணையைப் பார்த்துச் சொன்னார்.

"உள்ள ஒரே புகை. ஒண்ணும் தெரியல. சம்முவத்தாய் 'அண்ணே, அண்ணே'ன்னா. சத்தம் வந்த பக்கம் கையை நீட்டுனேன். அவ கை அம்புட்டுச்சு. பிடிச்சு இழுத்தேன் தாயி. அவ வரல. தோல் மட்டும் வந்துச்சு. இந்தா, இப்ப அந்தப் பிள்ளை கழட்டுச்சே, அது மாதிரி. என் கையில கெடந்துச்சு. அதை வச்சுக்கிட்டு என்ன செய்ய? கீழ போடவா? அவ தோலு தாயி, கீழ எப்படிப் போட?"

நான் எத்தனையோ தீக்காயம் பார்த்தவள். தலையணையைப் பிடித்தபடியே கேட்டேன்.

"மதினிகிட்டச் சொன்னீகளா?"

"அவளுக்கு அவ சினேகிதி. எப்படிச் சொல்ல?" பிறகு, "மருந்துன்னா கழுவுனாப் போயிரும்னு நெனச்சேன். மருந்துன்னே வச்சுக்கிட்டேன்" என்றார்.

டாக்டரிடம் சொன்னேன். அவர் உட்கார்ந்து முழுவதும் கேட்டார். வெளியே அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள், எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து அந்த அறை வாசலில் யாரும் கையுறையைக் கழற்றக்கூடாது என்று சொல்லிவிட்டார். தனக்குப் பாடம் எடுத்த மனநல டாக்டர் ஒருவரிடம் போனில் கேட்டு மாத்திரை தொடங்கினார். மருந்து என்றால் அண்ணன் வாயை மூடிக்கொள்வார் என்பதால் எல்லாரும் மாத்திரை என்றே சொன்னோம். போலீஸ்காரரிடம், "தண்ணியில நின்னிருக்காருங்க, அவ்வளவுதான்" என்று அவரே பேசி அனுப்பினார்.

6

அறையின் ஜன்னல் வழியாகத்தான் மதினி பேசுவார். ஒரு நாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"ராணி, பன்னிக் காய்ச்சல்னே இருக்கட்டும்."

"என்ன மதினி சொல்றீக?"

"ஊருல எல்லாரும் கேக்காக. காய்ச்சல்னு சொல்லிட்டேன். காய்ச்சல்னா ரெண்டு மாசம் ஒதுக்குவாக, அப்புறம் மறந்துருவாக. பைத்தியம்னா மறக்க மாட்டாக. கவிதாவக் கட்டிக் குடுக்கணும்ல?"

எனக்குக் கோபம் வந்தது. பன்றிக் காய்ச்சல் என்று சொன்ன வீடுகளில் பால்காரர்கூட வாசலுக்கு வராத காலம் அது. அந்த ஒதுக்கத்தைத்தான் மதினி கேட்டு வாங்கிக்கொண்டார், அதைவிடப் பெரிய ஒதுக்கம் ஒன்று இருக்கிறது என்பதால். யோசித்துப் பார்த்தால் அவர் கணக்கில் பிழை சொல்ல எனக்கு எதுவும் இருக்கவில்லை.

பரிசோதனை முடிவு வந்தது. எனக்கும் இல்லை, அண்ணனுக்கும் இல்லை. மதினி தரையில் உட்கார்ந்து அழுதார். பக்கத்தில் இருந்தவர்கள் சந்தோஷ அழுகை என்று நினைத்துத் தட்டிக்கொடுத்தார்கள்.

சண்முகத்தாயின் கையைப் பற்றி மதினியிடம் நான்தான் சொன்னேன். அண்ணன் சொல்லச் சொன்னார். மதினி முழுவதும் கேட்டுவிட்டு, "அவ கூப்பிட்ட குரலுக்குப் போயிருக்காகல்ல" என்று மட்டும் சொன்னார்.

மதுரையில் ஒரு மனநல டாக்டரிடம் வாடகைக் காரில் கூட்டிப்போனோம். "காய்ச்சலுக்கப்புறம் ஒடம்பு தேறல" என்று டிரைவரிடம் மதினி சொன்னார். டிரைவர் துண்டால் மூக்கை மூடிக்கொண்டு வழியெல்லாம் ஜன்னல் பக்கமே தலையை வைத்து ஓட்டினார்.

என் விடுமுறை முடிந்தது. அண்ணன் தூங்கத் தொடங்கியிருந்தார். வீட்டுக்குள் வந்து படுத்தார். நாங்கள் கிளம்பிய அன்று முற்றத்தில் நின்று அனுவைப் பார்த்துக் கும்பிட்டார். ஒன்பது வயசுப் பிள்ளைக்கு மாமன் கும்பிடு போட்டால் அது என்ன செய்யும்? அவளும் பதிலுக்குக் கும்பிட்டாள். ரயிலில் என்னிடம் கேட்டாள், "மாமாவுக்கு என்னைப் பிடிக்கலையா?"

7

இங்கே வந்ததும் எங்கள் ஆஸ்பத்திரியில் என்னைச் சில நாள் வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். இந்தியாவிலிருந்து வந்திருக்கிறேன் அல்லவா. அங்கே போனால் இங்கிருந்து வந்தவள்; இங்கே வந்தால் அங்கிருந்து வந்தவள்.

இலையுதிர் காலத்தில் காய்ச்சல் இரண்டாம் தடவை எழும்பியது. ஒரு மத்தியானம் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் வந்தார். தனியாக வாழ்கிறவர். நெஞ்சு அடைக்கிறது, மூச்சு வரவில்லை என்றார். காய்ச்சல் பக்கத்து அறையில் வைத்தோம். எல்லாப் பரிசோதனையும் சரியாக இருந்தது. "காய்ச்சல் பயம். வீட்டுக்கு அனுப்பலாம்" என்றார் டாக்டர். நான் கதவருகே போய்க் கையுறையோடேயே நின்றுகொண்டு, "என்ன நடந்தது?" என்று கேட்டேன். "எப்போது?" என்றார் அவர். அப்படித் திருப்பிக் கேட்கிறவர்களிடம் ஏதோ இருக்கிறது என்பது எனக்கு இப்போது தெரியும். ஆனால் வாசலில் ஆம்புலன்ஸ் வரிசை நின்றது. மனநலப் பிரிவிலிருந்து யாராவது வருவதற்குள் அவர் கோட்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். பிறகு என்ன ஆனார் என்று தெரியவில்லை. அவர் முகம் சில நாட்களில் அண்ணன் முகத்தோடு சேர்ந்து வருகிறது.

அனு ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டாள். நானும் வற்புறுத்தவில்லை. அவளுக்குத் தெரிந்த தமிழ் அவளை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று எனக்குத் தெரியும்.

8

அண்ணன் முழுக்க குணமாகிவிட்டார் என்று எழுத ஆசைதான். இல்லை. அந்தத் தீபாவளிக்குக் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தார். பட்டாசு வேலைக்குத் திரும்பப் போகவில்லை. இப்போது சிவகாசியில் ஒரு அச்சகத்தில் காலண்டர் கட்டுகளை லோடு ஏற்றுவதைப் பார்த்துக்கொள்கிறார். கை கழுவுவது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. ஊரில் இன்னும் 'பன்னிக் காய்ச்சல் போர்மேன்' என்றுதான் பேர்.

அனுவின் பள்ளிக்குப் போய் வந்த அன்று மாலை, மதினியைப் போனில் கூப்பிட்டேன். ஏனோ அந்தக் குரலைக் கேட்க வேண்டும்போல இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் தொடங்கிவிட்டார்.

"ராணி, இன்னிக்குக் கவிதாவப் பொண்ணு பாக்க வந்தாக. காரியாபட்டிக்காரக. பையன் கடை வச்சிருக்கான். நல்ல இடம். காப்பி குடுத்து உக்காந்திருக்கோம். அந்நேரம் பாத்து மேலத்தெருப் பொண்ணு அழுதுக்கிட்டே ஓடியாரா. அவ புருசன் கம்பெனியில போன வாரம் ரூம் வெடிச்சுப் போச்சுல்ல? அதுல இருந்து அவன் பேசவே இல்லையாம். கொழாயடியில உக்காந்து தண்ணிய மேல ஊத்திக்கிட்டே இருக்கானாம். ஆஸ்பத்திரியில காட்டுனா காய்ச்சலும் இல்ல காயமும் இல்லன்னு அனுப்பிட்டாகளாம். மாமியார் கோயில்ல கொண்டுபோய்ச் சங்கிலி போடணும்னு நிக்காளாம். 'போர்மேன் அண்ணனுக்கு எந்தக் காய்ச்சல் டாக்டருகிட்டப் பாத்தீக, எடம் சொல்லுக்கா'ன்னு கால்ல விழுகா."

"நீங்க என்ன சொன்னீக மதினி?"

"என்ன சொல்ல? வந்தவுக எல்லாரும் என் மூஞ்சியப் பாக்காக. 'காய்ச்சலும் இல்ல ஒண்ணும் இல்ல ஆத்தா. என் வீட்டுக்காரருக்கு மனசு கலங்கிப் போச்சு. மதுரையில மனசு டாக்டருகிட்டத்தான் இன்னமும் மாத்திரை வாங்கிக் குடுக்கேன். சங்கிலி போட விடாத, நான் கூட வாரேன்'னுட்டேன். வாயில வந்துருச்சு ராணி."

"காரியாபட்டிக்காரக?"

"காப்பிய வச்சுட்டு எந்திரிச்சாக. பாத்துட்டுச் சொல்லி அனுப்புறோம்னாக. சொன்னாச் சொல்லட்டும், சொல்லாட்டிப் போகட்டும். கவிதா எங்கிட்டப் பேசாம உள்ள படுத்துக் கெடக்கா. அழுதாளா என்னன்னு தெரியல. கேக்கப் பயமா இருக்கு."

"அந்தப் பையனக் கூட்டிட்டுப் போனீகளா?"

"பஸ் ஸ்டாப்பு வரைக்கும் கொண்டாந்துட்டோம். பஸ்ஸுல ஏற மாட்டேன்னு நின்னுட்டான். யார் கிட்டப் போனாலும் ஒதறுதான். கண்டக்டர் கத்துறாரு. பொண்ணு பாக்க வந்தவுக முன்னாடி உக்கார மாட்டேன்னு வேலைக்குக் கெளம்புன உங்க அண்ணன் அங்கன நின்னுக்கிட்டு இருந்தாக. வந்தாக. ஒண்ணும் பேசல. அவன் கையைப் பிடிச்சாக ராணி. ஈரக் கையி. பிடிச்சு ஏத்திட்டு, தானும் ஏறிப் பக்கத்துல உக்காந்துக்கிட்டாக. மதுரை வரைக்கும் அந்தக் கைய விடல."

நான் போனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"லைன்ல இருக்கியா ராணி?"

"இருக்கேன் மதினி."